"என்ன கறி?" என்று கேட்டால் பெயரைச் சொல்லலாமே!

கயத்தாறு பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நடக்கும் பேச்சு இது. பலரும் கேட்டிருப்பீர்கள்.

"என்னடே, வீட்ல இன்னைக்கு என்ன?"

"கறிதாம்ண்ணே."

"என்ன கறி?"

ஆட்டுக்கறி என்றால் பதில் சத்தமாக வரும். கோழி என்றாலும் அப்படித்தான். மாட்டுக்கறி என்றால் மட்டும் ஒரு நொடி அமைதி. பிறகு குரலைத் தாழ்த்தி "பெரிய கறிண்ணே" என்பார்கள். இல்லாவிட்டால் "சும்மா கறிதாம்ண்ணே" என்று மழுப்பிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

இதே மாமிசம் சென்னையில் ஏ.சி. போட்ட ஓட்டலின் மெனு கார்டில் "பீஃப் ஸ்டீக்", "பீஃப் பர்கர்" என்று தலை நிமிர்ந்து நிற்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுப் போட்டோ எடுத்துப் போடுகிறவர்களை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. மாடு ஒன்றுதான், கறியும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் சொன்னால் நாகரிகம், தமிழில் சொன்னால் கூச்சம்! இது எப்படி வந்தது? இதைப் பேச ஒரு பிலிப்பைன்ஸ் சாப்பாட்டை வீட்டில் சமைத்துப் பார்ப்பது நல்ல வழி. ஆச்சரியமாக இருக்கிறதா? பொறுமையாகப் படியுங்கள்.

கினிலிங் என்றால் என்ன?

பிலிப்பைன்ஸ் நாட்டில் வீட்டுக்கு வீடு சமைக்கிற ஒரு சாதாரணப் பதார்த்தம் "கினிலிங்". தகலோக் மொழியில் "கிலிங்" என்றால் அரைப்பது. "கினிலிங்" என்றால் அரைத்தது. மாட்டுக்கறியையோ பன்றிக்கறியையோ பொடியாக அரைத்து, பூண்டு, வெங்காயம், தக்காளியோடு வதக்கி, உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு வேகவைத்துச் சோற்றுக்கு வைத்துக்கொள்வார்கள். அதே கறியோடு பொரித்த முட்டையும் பொரித்த வாழைப்பழமும் தட்டில் சேர்ந்தால் பெயர் மாறிவிடும். "அரோஸ் அ லா குபானா", அதாவது கியூபா பாணிச் சோறு! பெயர் ஸ்பெயின்காரர்கள் விட்டுப்போனது. பிலிப்பைன்ஸை அவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள், பெயர் மட்டும் போகாமல் தங்கிவிட்டது.

ஸ்பானிய மொழியில் இந்த மாதிரிக் கறிக்கு இன்னொரு பெயர் "பிக்காடியோ". கொத்துவது, பொடியாக நறுக்குவது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அதை அப்படியே சொன்னால் என்ன வரும்? கொத்துக்கறி! கயத்தாற்றில் இருக்கும் எந்த அம்மாவுக்கும் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தென்மாவட்டத்துக்காரர்களுக்குப் பிலிப்பைன்ஸ் அப்படியொன்றும் தூரமான தேசமும் இல்லை. தூத்துக்குடி பக்கமிருந்து கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் பிலிப்பைன்ஸ் மாலுமிகளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். உலகக் கப்பல்களில் அதிகமாக வேலை செய்கிற நாட்டினரில் அவர்கள் முன்வரிசையில் இருப்பவர்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பக்கத்து அறையில் அவர்கள்தான். மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போகிற ஊர்களில் பிலிப்பைன்ஸின் டவாவோவும் ஒன்று. ஆகவே இந்தச் சாப்பாட்டின் வாசனை ஏதோ ஒரு உறவுக்காரர் வழியாகக் கரிசல் காட்டுக்குள் எப்போதோ வந்திருக்கும்.

கரிசல் காட்டு அடுப்பில்

நான்கு பேருக்கு அரைக் கிலோ கறி போதும். கறியைத் துண்டாக வாங்கிக் கழுவி, தண்ணீர் நன்றாக வடிந்தபின் கத்தியால் பொடியாகக் கொத்துங்கள். அல்லது மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். அரைத்த பிறகு கழுவினால் ருசியெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பிலிப்பைன்ஸ் குறிப்பில் இருக்கும் நேரம் இங்கே ஒத்துவராது. தமிழ்நாட்டு மாட்டுக்கறி வேகச் சுணங்கும். அதற்குக் காரணம் கடைக்காரர் அல்ல, சட்டம். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958 என்ன சொல்கிறது? 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்று சான்றிதழ் பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். பசுவை வெட்டுவதற்கு 1976-ஆம் ஆண்டு அரசாணை தனியாகத் தடை போட்டது. ஆக, தட்டுக்கு வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த கிழட்டு மாடு, இல்லாவிட்டால் எருமை. அதன் தசை முறுக்கேறித்தான் இருக்கும். பெரிய துண்டாக வறுத்தால் பல்லுக்குத்தான் வேலை. ஆனால் பொடியாகக் கொத்திவிட்டால் அந்த முறுக்கு உடைந்துவிடுகிறது. கிழட்டு மாட்டுக்கு ஏற்ற சமையல் கொத்துக்கறிதான். ஸ்டீக் ஆசையை விட்டுவிட்டுக் கினிலிங் செய்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்!

சட்டியில் கடலை எண்ணெய் 3 கரண்டி. காய்ந்ததும் தட்டிய பூண்டு 6 பல். அது நிறம் மாறும்போது பொடியாக நறுக்கிய பல்லாரி 1, பிறகு தக்காளி 2. பூண்டு, வெங்காயம், தக்காளி என்ற இந்த வரிசைதான் பிலிப்பைன்ஸ்காரர்களின் தாளிப்பு. தக்காளி குழைந்ததும் கறியைப் போட்டு, விடும் தண்ணீர் வற்றும்வரை கிளற வேண்டும். சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, ஒரு பிரிஞ்சி இலை. சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் உப்பை ருசி பார்த்துக் கடைசியில் சேர்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் 5 விசில் விடுங்கள். எருமைக்கறி என்றால் இன்னும் 2 சேர்த்து. திறந்தபின் சிறு சதுரமாக நறுக்கிய உருளைக்கிழங்கு 2, கேரட் 1 போட்டு மூடி 10 நிமிடம். இறக்கும் முன் ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி, இன்னொரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. முடிந்தது.

தட்டில் சோறு, மேலே கறி, அதன்மேல் ஆளுக்கொரு முட்டைப் பொரியல், ஓரத்தில் எண்ணெயில் புரட்டிய பழுத்த மொந்தனோ நேந்திரமோ. பிலிப்பைன்ஸில் "சபா" என்ற சமையல் வாழையைப் போடுவார்கள். மொந்தன் அதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி.

"மிளகாயே இல்லையா?" என்று கேட்பீர்கள். அசல் குறிப்பில் இல்லை. ஆனால் விளாத்திகுளம் வத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிளகாய் இல்லாமல் கறி சமைப்பது கொஞ்சம் பாவம்தான். இரண்டு கிள்ளிப் போட்டால் மணிலாவில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சோறும் வெஞ்சனமும்

கறியை விடவும் சோற்றில்தான் இரண்டு ஊரும் நெருங்கி வருகின்றன. ஆங்கிலத்தில் எல்லாமே "ரைஸ்". வயலில் நின்றாலும் ரைஸ், மூட்டையில் இருந்தாலும் ரைஸ், தட்டில் இருந்தாலும் ரைஸ். தமிழில் அப்படி இல்லை: நெல், அரிசி, சோறு. தகலோக்கிலும் இல்லை: பலாய், பிகாஸ், கானின். சோற்றோடு தொட்டுக்கொள்வதற்கு அவர்களிடம் ஒரே ஒரு சொல் உண்டு, "ஊலம்". மீனோ கறியோ காயோ, சோற்றுக்குத் துணை வருவது எல்லாம் ஊலம். கரிசல் காட்டில் இதற்கு என்ன சொல்வார்கள்? வெஞ்சனம்! "சோறு இருக்கு, வெஞ்சனந்தான் இல்ல" என்ற வாக்கியத்தைத் தகலோக்கில் சொல் மாறாமல் சொல்லிவிடலாம்.

மிஞ்சிய சோற்றை அவர்களும் எறிவதில்லை. மறுநாள் காலை பூண்டு போட்டு வறுத்துவிடுவார்கள், பெயர் "சினங்காக்". இங்கே தண்ணீர் ஊற்றி வைத்துப் பழைய சோறாகக் குடிக்கிறோம். காயவைத்துப் பதப்படுத்திய மாட்டுக்கறி அவர்களிடம் "தாபா", இங்கே உப்புக்கண்டம். ஏழை வீட்டுச் சிக்கனம் எந்தக் கடலைத் தாண்டினாலும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்று ரேஷன் அரிசி வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் கரிசல் காட்டின் பழைய சாப்பாடு கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான். மானாவாரி மண்ணில் நெல் ஏது? "நெல்லுச்சோறு" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததே, அதிலிருந்தே அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான் நெல்லுச்சோறு. அன்று யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பது வசதியைக் காட்டியது. இன்று அரிசியில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. கறியில் மட்டும் அழியவில்லை. ஏன்?

காமநாயக்கன்பட்டி சொல்லும் கதை

இதற்குக் கயத்தாற்றின் பக்கத்திலேயே ஒரு வரலாற்றுச் சாட்சி இருக்கிறது. காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா கோயிலுக்குப் பெயர் போன ஊர். வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். அவர் சார்ந்த மதுரை மிஷனின் கதை 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியிடம் தொடங்குகிறது. அவர் வந்தபோது போர்த்துகீசியருக்கு இங்கே "பரங்கி" என்று பெயர். மாட்டுக்கறி தின்கிறவர்கள், மது குடிக்கிறவர்கள், ஆகவே தாழ்ந்தவர்கள் என்று உயர்சாதியினர் அவர்களை ஒதுக்கினார்கள். நொபிலி என்ன செய்தார்? மாமிசத்தையே விட்டார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, துறவியாக வாழ்ந்தார். நூறு ஆண்டு கழித்து வந்த வீரமாமுனிவரும் தமிழ்த் துறவியின் கோலத்தில்தான் ஊர் ஊராகப் போனார்.

இப்போது பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1565-இல் லெகாஸ்பியின் தலைமையில் ஸ்பெயின்காரர்கள் செபுவில் குடியேறினார்கள். அவர்களோடும் கத்தோலிக்கப் பாதிரியார்கள் வந்தார்கள். அங்கே எருமை முன்பே இருந்தது. மாட்டுப் பண்ணைகளை மெக்சிகோவிலிருந்தும் சீனாவிலிருந்தும் மாடு கொண்டுவந்து பெருக்கியவர்கள் ஸ்பெயின்காரர்கள்தான். ஆளுகிறவர்களின் உணவு என்பதால் அங்கே மாட்டுக்கறி விருந்துச் சாப்பாடாக ஏறியது. அதே மதம், ஏறத்தாழ அதே காலம். அங்கே மாட்டுக்கறி மதிப்போடு மேசைக்கு வந்தது. இங்கே மதிப்பு வேண்டும் என்பதற்காக அதே மதத்தின் பாதிரியாரே அதைத் தட்டிலிருந்து விலக்கினார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இழிவு கறியில் இல்லை. யார் சாப்பிடுகிறார்கள், அவர்கள் ஊரில் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. செத்த மாட்டைத் தூக்கும் வேலையைச் சில சாதிகள் தலையில் கட்டிவிட்டு, அதன் கறியைத் தின்றதற்காக அவர்களையே தாழ்த்தி வைத்த ஊர்கள் இவை. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள முடிச்சைப் பற்றி அம்பேத்கர் 1948-இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. "என்ன கறி?" என்ற கேள்விக்குப் பின்னால் பல நேரங்களில் "நீ யாரு?" என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. பதில் சொல்கிறவர் தயங்குவது அதனால்தான்.

உழவு மாடும் சட்டமும்

"மாடு உழவனின் தோழன். அதைத் தின்னலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியைக் கேலி செய்யக் கூடாது. கரிசல் மண் ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் கல்லாக இறுகி வெடிக்கும். டிராக்டர் வருவதற்கு முன் அந்த மண்ணைக் கீறியது மாட்டின் தோள்தான். வீட்டுப் பிள்ளை போலப் பெயர் வைத்துக் கூப்பிட்ட காளையின் கறியைத் தொட மனம் வராதவர் எத்தனையோ பேர். அந்த மனதுக்கு மரியாதை தர வேண்டும்.

ஆனால் அதே சம்சாரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உழைக்க முடியாத மாட்டைச் சந்தையில் விற்ற காசு அடுத்த மாட்டுக்கு முதல். அதை யாரும் வாங்கக் கூடாது என்றால், மழை பொய்த்த வருஷத்தில் கிழட்டு மாட்டுக்கும் சேர்த்து யார் தீவனம் போடுவது? 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் மாடுகளை வெட்டுக்கு விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தபோது இந்தக் கேள்விதான் எழுந்தது. மே 30-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்த நாட்களில்தான் சென்னை ஐஐடி வளாகத்தில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். ஒரு மாணவர் என்ன சாப்பிட்டார் என்பதற்காக!

பிலிப்பைன்ஸிலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. அங்கே உழவு எருமைகள் குறைகின்றன என்று, ஆண் எருமைக்கு 7 வயது, பெண் எருமைக்கு 11 வயது ஆகாமல் வெட்டக் கூடாது என்ற விதி இருந்தது. 1980-இல் மார்க்கோஸ் அரசு இன்னும் ஒரு படி போய், எருமையையும் எருமைக்கறியையும் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே தடை போட்டது. 1984-இல் 6 எருமைகளைப் படகில் கொண்டுபோன ஒருவரிடமிருந்து அவற்றைப் பறிமுதல் செய்தார்கள். அவர் விடவில்லை. 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. எருமையைக் காப்பது நல்ல நோக்கம்தான், ஆனால் மாகாண எல்லையைத் தாண்டாமல் தடுப்பதால் எருமை எப்படிக் காப்பாற்றப்படும் என்று நீதிமன்றம் கேட்டது.

கவனியுங்கள். அங்கே வாதம் முழுக்க உழவைப் பற்றி, சொத்தைப் பற்றி, நியாயமான விசாரணையைப் பற்றி. எருமைக்கறி தின்கிறவர் தாழ்ந்தவரா என்ற பேச்சு அதில் எழவில்லை. மாட்டைக் காக்க வேண்டுமா என்று ஒரு சமூகம் நேர்மையாக விவாதிக்கலாம். அந்த விவாதத்தில் மனிதனைத் தாழ்த்தும் வேலை கலந்தால் அது மாட்டைப் பற்றிய விவாதமே அல்ல.

பட்டியலில் விடுபட்ட தட்டு

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டது. ஆடு உண்டு, கோழி உண்டு. ஆம்பூர் மக்கள் பலர் விரும்பிச் சாப்பிடும் மாட்டுக்கறிப் பிரியாணி மட்டும் பட்டியலில் இல்லை. எதிர்ப்புக் கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டு ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

விழாவில் ஒரு பிரியாணி இல்லாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் ஊரே கூடும் இடத்தில், அரசாங்கமே நடத்தும் விழாவில், "உன் வீட்டுச் சாப்பாட்டை இங்கே கொண்டுவராதே" என்று சொல்லாமல் சொன்னது போல் ஆகிவிட்டது. தெருவில் மழுப்பும் அந்த ஒரு நொடி அமைதியின் பெரிய வடிவம்தான் இது.

அப்படியென்றால் எல்லோரும் மாட்டுக்கறி சாப்பிட வேண்டுமா? வேண்டாம். பிடிக்காதவர், பழகாதவர், மதத்தாலோ மனதாலோ விலக்குபவர் யாரையும் வற்புறுத்துவது நாகரிகம் அல்ல. தன் அடுப்பில் எது ஏற வேண்டும் என்று தீர்மானிக்க அவரவருக்கு உரிமை உண்டு. அந்த எல்லை அடுத்த வீட்டு அடுப்போடு நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடமும், விடுதி அறையில் கூடத் தங்குபவரிடமும், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பவரிடமும் இதே எல்லைதான்.

"கொத்துக்கறி நம்ம ஊரிலேயே இருக்கே, எதற்குப் பிலிப்பைன்ஸ்?" என்றும் கேட்கலாம். நியாயம்தான். வெளிநாட்டுப் பெயருக்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த நாட்டில் ஒரு அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு எந்தக் கூச்சமும் இல்லாமல் பரிமாறுகிற சாப்பாடு இது என்று தெரிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. இங்கே இருக்கும் கூச்சம் இயற்கையானது அல்ல, யாரோ கற்றுக்கொடுத்தது என்று அப்போது புரிந்துவிடும். கற்றுக்கொண்டதை மறக்கவும் முடியும்.

சாப்பிடுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சமைத்துப் பாருங்கள். கினிலிங் என்று சொல்லுங்கள், கொத்துக்கறி என்று சொல்லுங்கள். எந்தக் கறி என்று கேட்டால் மாட்டுக்கறி என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். சாப்பிடாதவர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். அந்தப் பதிலைக் கேட்டதும் முகம் மாறாமல், "வெந்துச்சா, உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால் போதும். ஆட்டுக்கறிக்கு அப்படித்தானே கேட்கிறார்கள்?